பக்கவாட்டில் சென்னப்பன்

சென்னப்பனுக்கு இடது பக்க மூக்கு அடைத்துப்போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வலது பக்கம் பாதி திறந்திருந்தது. ஒரு மனிதன் உயிரோடிருக்க அவ்வளவு போதும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம் கௌதள்ளி. மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மேலடுக்கிலிருந்து சரிந்த மரப்பலகை நேராக வந்து மூக்கின் மேல் விழுந்தது. கம்பெனி கம்பவுண்டர் பஞ்சு வைத்து ரத்தத்தை நிறுத்தினார். மூக்கு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அனுப்பிவிட்டார். அதன் பிறகு மூக்கின் வெளியே ஒரு மேடும் உள்ளே ஒரு வளைவும் தங்கிவிட்டன.

படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்து காற்றை விழுங்குவான். அவன் மனைவி மாதேவி முதுகைத் தேய்த்துவிடுவாள். அவள் குவெம்பு நகரில் ஒரு லேடீஸ் பி.ஜி. விடுதியில் சமையல் செய்துகொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். ஆகவே அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தூக்கம் கிடையாது. இவனுக்கு மட்டும் அந்தத் தூக்கம் பகலில் வந்து சேர்ந்தது. ஒரு புதன்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோர்க்லிஃப்ட்டின் மேல் அவன் கண்ணசந்த நேரத்தில், வண்டியின் இரண்டு இரும்புக் கொம்புகளும் க்ரீம் பிஸ்கட் அட்டைப்பெட்டிச் சுவருக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தன. அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை.

குடோன் மேனேஜர் மஞ்சுநாத் நல்ல மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்துக் கன்னடத்தில் சொன்னார்: "சென்னப்பா, பிஸ்கட் போனால் போகிறது. அடுத்த தடவை ஆள் போவான். மூன்று மாதத்துக்குள் மூக்கைச் சரிபண்ணி, வண்டி ஓட்டத் தகுதியானவன் என்று ஒரு சர்ட்டிபிகேட் கொண்டு வா. இல்லையென்றால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன்." கம்பெனி இன்ஷூரன்ஸுக்கு ஒத்துப்போகும் ஆஸ்பத்திரிப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். 'மூக்கு' என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு பெயர் இருந்தது. ஏகமுகா முகவடிவ ஆய்வு மையம், விஜயநகர்.

ஏகமுகாவுக்குள் நுழைந்ததும் சென்னப்பன் முதலில் பார்த்தது நாற்காலிகளைத்தான். எல்லா நாற்காலிகளும் கவுண்டருக்குப் பக்கவாட்டாகத் தரையில் திருகப்பட்டிருந்தன. யார் உட்கார்ந்தாலும் கவுண்டரில் இருப்பவருக்கு ஒரு கன்னமும் ஒரு காதும் அரை மூக்கும்தான் தெரியும். சுவரெங்கும் படங்கள். படங்களில் இருந்த ஆண்களும் பெண்களும் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டரில் மனிஷா என்றொரு பெண் இருந்தாள். தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் கன்னடத்தில் படித்து வளர்ந்தவள். கன்னடத்தில் 'இல்லையா' என்பதற்கு 'அல்வா' என்பார்கள். மனிஷா பேசிய தமிழில் பாதி வாக்கியங்களின் கடைசியில் ஒரு அல்வா இருந்தது.

"அண்ணா, உங்க முகத்துல உங்களுக்கு எது புடிக்கல, அத சொல்லணும், அல்வா?"

"மூக்குல மூச்சு வரமாட்டேங்குதுங்கம்மா."

மனிஷா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதில் மூக்கு, தாடை, கழுத்து, உதடு, மேற்கண்ட அனைத்தும் என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. "மூச்சுன்னு ஆப்ஷன் இல்லண்ணா. மூக்குன்னு போடறேன். மூக்கு மட்டும் போட்டா அடுத்த பக்கம் தெறக்காது. அனைத்தும்னு போடறேன். அதுல மூச்சும் வந்திடும், அல்வா?"

அனைத்தும் என்றால் மூச்சும் அதில் சேர்த்தி என்றுதான் சென்னப்பனும் நினைத்தான்.

பெரிய சர்ஜன் டாக்டர் தேஜஸின் அறையிலும் நோயாளி நாற்காலி பக்கவாட்டாகவே இருந்தது. அவர் அவனை வாயைத் திறக்கச் சொல்லவில்லை, தன் பக்கம் திரும்பச் சொல்லவில்லை. ஒரு கண்ணாடி ஸ்கேலை எடுத்து மூக்கு நுனியிலும் தாடை நுனியிலும் படும்படி வைத்தார். ஏகமுகாவில் அதற்கு 'ரேகை' என்று பெயர். உதடு அந்த ரேகைக்குள் அடங்க வேண்டும். தொடலாம், தாண்டக் கூடாது. சென்னப்பனின் உதடு தாண்டியிருந்தது. மூன்று வருஷமாக அந்த வாய்தான் அவனுக்கு மூக்காகவும் இருந்தது. அது மூடியே பல நாள் ஆகியிருந்தது.

டாக்டர் தேஜஸின் முகம் மலர்ந்தது. மணியடித்து ஜூனியர்களைக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் வந்து சென்னப்பனின் இடது காதுப் பக்கமாக வரிசையில் நின்றார்கள்.

"பாருங்கள்," என்றார் டாக்டர். "ஒரே முகத்தில் நாலு குறை. இப்படி அமைவது அபூர்வம்." பிறகு சென்னப்பனிடம் தமிழில், "மூக்கு பெரிசா இருக்குன்னு நெனைக்கிறீங்க. தப்பு. உங்க தாடை சின்னது, அதனால மூக்கு பெரிசா தெரியுது. தாடைய முன்னால கொண்டுவந்தா கழுத்துல தொங்கறது தெரியும். கழுத்த இறுக்கினா உதடு துருத்தும். ஒண்ண மட்டும் செய்யறது உங்களுக்கு நாங்க செய்யற துரோகம். சேத்துத்தான் செய்யணும்."

"மூக்கு பெரிசுன்னு நான் நெனைக்கலீங்க."

"நெனைக்கணும். அதுதான் மொத படி."

வரிசையின் கடைசியில் நின்ற அக்ஷதா என்ற இளம் டாக்டர் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, குனிந்து, சென்னப்பனின் மூக்குத் துவாரத்துக்குள் அடித்துப் பார்த்தாள். "சார், நடுச்சுவர் முழுசா இடது பக்கம் வளஞ்சிருக்கு. காத்து போக வழியே இல்ல."

டாக்டர் தேஜஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "அக்ஷதா, நீங்க புதுசு. நம்ம துறையில உள்ள பாக்கறதில்ல," என்றார். ஆனாலும் பெருந்தன்மையாக, "நிகழ்ச்சி நிரல்ல கடைசியா இருபது நிமிஷம் இவங்களுக்குக் கொடுங்க. உள்வேலைய முடிச்சுக்கட்டும்," என்றும் சொன்னார்.

நிகழ்ச்சி நிரல் என்ன என்பதை நிர்வாக அதிகாரி ஆழ்வார் விளக்கினார். பூர்வீகம் மேல்கோட்டை. நெற்றியில் மெல்லியதாக ஒரு ஸ்ரீசூர்ணக் கோடு. பேச்சில் அவசரமே கிடையாது.

"இன்ஷூரன்ஸ்காரா மூக்கடைப்பைப் பழைய காயம்னு தள்ளிட்டா. தனியா மூக்கு ஓட்டையைச் சரிபண்ண எங்ககிட்ட திட்டமும் இல்லை. ஆனா பாருங்கோ, உங்களுக்கு அதிர்ஷ்டம். அடுத்த மாசம் இங்கே தேசிய மாநாடு. மூக்கு, தாடை, கழுத்து, உதடு நாலையும் ஒரே மேஜையில் வெச்சு செய்யறதை மேடையில் திரை போட்டுக் காட்டப்போறா. அதுக்குச் சம்மதிச்சா உங்களுக்கு எல்லாம் இலவசம். உள்ளே இருக்கற அடைப்பும் அதோட போயிடும்."

மாதேவியும் கூட வந்திருந்தாள். அவள் கேட்டாள்: "இவருக்கு மூச்சு வருங்களா, சாமி?"

"மூச்சு வராம யாரும்மா இருக்கா?" என்றார் ஆழ்வார்.

அவள் அதை 'வரும்' என்ற பதிலாக எடுத்துக்கொண்டாள். பதினான்கு பக்கக் காகிதத்தில் சென்னப்பன் பதினான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. ஏகமுகா ஒழுங்குமுறைகளைக் கடைப்பிடிக்கும் இடம். தன் முகத்தோடு திருப்தியாக இருக்கிற ஒருவனை அறுப்பது தர்மமல்ல என்று அங்கே எழுதியே வைத்திருந்தார்கள். அதற்காக ஒரு கேள்வித்தாள் உண்டு. நூற்றுக்கு அறுபது அதிருப்தி இருந்தால்தான் மேஜைக்குப் போகலாம். சென்னப்பன் எடுத்தது பூஜ்யம். 'கண்ணாடியில் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது' என்ற கேள்விக்கு அவன் 'ஷேவ் பண்ண வேண்டும்' என்று பதில் சொல்லியிருந்தான்.

"பரவால்லண்ணா, கவுன்சலிங் இருக்கு," என்றாள் மனிஷா.

கவுன்சலிங் என்பது ஒரு சின்ன அறை. அதில் ஒரு நாற்காலி, எதிரே ஆளுயரத்துக்கு ஒரு திரை. திரையில் சென்னப்பனின் பக்கவாட்டுப் படம், அதன் மேல் சிவப்பாக ரேகை. தினம் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேறொன்றுமில்லை.

நாற்பத்துநாலு வயது வரை சென்னப்பன் தன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்ததில்லை. முதல் நாள் அவனுக்குச் சிரிப்பு வந்தது. யாரோ தெரிந்த ஆள் மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் அந்த ஆளை அவனுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் வீடு திரும்பும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் தன் தாடையைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது. கையால் மறைத்துக்கொண்டான். இத்தனை வருஷமாக டீக்கடையில், குடோனில், கல்யாண வீடுகளில் எல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒருத்தன்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மாதேவியிடம் கேட்டான். "ஏம்புள்ள, என் தாடை உள்ள போயிருக்குதா?"

"எங்க போவும்?" என்றாள் அவள், அரிசி களைந்துகொண்டே.

"பக்கத்துல இருந்து பாத்துச் சொல்லு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பக்கத்திலிருந்து பார்த்தாள், எதிரே வந்தும் பார்த்தாள். "உங்க மொகமாத்தானுங்க இருக்குது," என்றாள். அவன் அதை நம்பவில்லை. மறுநாள் கேள்வித்தாளில் எழுபத்திரண்டு வாங்கினான். மனிஷா கைதட்டினாள்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஒப்புதல் குழு கூடியது. இயக்குநர் டாக்டர் பசவராஜ் தலைமை. ஏழு வருஷத்துக்கு முன்னால் தன் முகத்தையே முதல் கேஸாக இதே மையத்தில் செய்துகொண்டவர் அவர். அன்றிலிருந்து யாரையும் நேராகப் பார்த்ததில்லை. அவருடைய வலது கண் எப்படியிருக்கும் என்பது ஊழியர்களில் பலருக்குத் தெரியாது. அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். மற்றவர்கள் அவர் காதைப் பார்த்துக் கேட்டார்கள். சென்னப்பன் நடுவில் ஒரு சுழல் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தான்.

"நண்பர்களே," என்றார் டாக்டர் பசவராஜ். "ஒரு காலத்தில் நானும் நோயாளிகளைப் பார்த்து 'என்ன செய்கிறது' என்று கேட்டுக்கொண்டிருந்தவன்தான். பத்து வருஷம் வீணாயிற்று. ஒருவன் வலிக்கிறது என்பான், ஒருவன் எரிகிறது என்பான். எதையும் படமெடுக்க முடியாது. படமெடுக்க முடியாததை மேடையில் காட்ட முடியாது. மேடையில் காட்ட முடியாததைச் செய்து யாருக்கு என்ன பயன்? இன்று நாம் கேட்பதில்லை. பார்க்கிறோம். அதுவும் ஒரு பக்கத்திலிருந்து. அதனால்தான் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது."

எல்லோரும் தலையசைத்தார்கள். பக்கவாட்டில் தலையசைப்பதால் அது ஆமாம் என்றா இல்லை என்றா என்பது தெரியவில்லை. குறிப்பேட்டில் ஆமாம் என்று எழுதப்பட்டது.

"இவருக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று இயக்குநர் சுவரைக் கேட்டார்.

"மூச்சு மட்டும் வந்துட்டாப் போதுமுங்க," என்றான் சென்னப்பன். பிறகு கொஞ்சம் தயங்கி, "தாடையும்," என்று சேர்த்துக்கொண்டான். இரண்டாவதாகச் சொன்னது மட்டும் பதிவாயிற்று.

மாநாட்டு நாளில் சென்னப்பனைக் காலை எட்டரைக்கு மயக்கினார்கள். அன்று நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. பிறகுதான், முகம் முழுக்கக் கட்டோடு காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நாளில், டி.வி.யில் அதைப் பார்த்தான். வீணை இசை சேர்த்து நாற்பது நிமிஷத்துக்குச் சுருக்கியிருந்தார்கள்.

முதலில் விளக்கேற்றினார்கள். திரி ஒன்று பற்றிக்கொள்ள மறுத்ததில் சிறிது நேரம் போயிற்று. பிறகு விருந்தாளிகள் நால்வருக்கும் மைசூர் தலைப்பாகை, சந்தன மாலை, சால்வை. ஒவ்வொரு தலைப்பாகையும் வைக்கப்பட்டு, பக்கவாட்டில் படமெடுக்கப்பட்டு, எடுக்கப்பட்டது. இதற்கிடையில் திரையின் ஒரு மூலையில் சின்னக் கட்டத்துக்குள் சென்னப்பன் பச்சைத் துணிக்கு அடியில் படுத்திருந்தான். பிறகு கட்டம் பெரிதாயிற்று. மூக்கை ஒருவர் செய்தார். மேட்டைச் செதுக்கி, பாலத்தை ஒடுக்கி, காதிலிருந்து வெட்டிய குருத்தெலும்புத் துண்டை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். தாடையை இன்னொருவர் செய்தார். கழுத்தை இறுக்கியவர் தன்னுடைய நூல்தான் நாட்டிலேயே மெல்லியது என்றார். உதட்டை டாக்டர் தேஜஸ் செய்தார். கண்ணாடி ஸ்கேல் வைக்கப்பட்டது. உதடு ரேகைக்குள் அடங்கியிருந்தது. அரங்கம் எழுந்து நின்றது.

சென்னப்பன் உள்வேலைக்காகக் காத்திருந்தான். திரையில் நன்றியுரை வந்தது. அதன் பிறகு 'ஏகமுகா – உங்கள் மறுபக்கம்' என்று எழுத்து வந்தது. பிறகு படம் மறுபடி விளக்கேற்றுவதில் ஆரம்பித்தது.

அவன் எழுந்து கவுண்டருக்குப் போனான். "உள்ள செஞ்சது இதுல எங்கம்மா?"

"எடிட்டிங்ல போயிருக்கும்ணா, அல்வா?"

டாக்டர் அக்ஷதாவை அவன் மாடிப்படியில் பார்த்தான். முடி நடும் பிரிவுக்கு அவளை மாற்றியிருந்தார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "மூணு தடவ கேட்டேங்க. நன்றியுரை நீண்டுபோச்சு. சாப்பாடு ஆறுதுன்னு திரைய அணைச்சுட்டாங்க. திரை இல்லாம மாநாட்டுல கத்திய எடுக்கக் கூடாதாம். சாப்பிட்டுட்டு வந்து பாத்தா உங்களத் தெச்சு முடிச்சிருந்தாங்க." படிக்கட்டின் கைப்பிடியைத் தேய்த்தபடி குரலைத் தாழ்த்தினாள். "அவங்க மூக்குப் பாலத்த ஒடுக்கினதுல வலது பக்கமும் சுருங்கியிருக்கும். கட்டு பிரிச்சா தெரியும்."

கட்டு பிரித்ததும் தெரிந்தது. இடது பக்கம் எப்போதும்போல அடைத்திருந்தது. வலது பக்கம் இப்போது துணை சேர்ந்துகொண்டது. ஆனால் கண்ணாடியில் தெரிந்த ஆள் அழகாக இருந்தான். மூக்கு நேராக இறங்கியது. தாடை முன்னால் வந்து ஓர் அதிகாரியின் தாடை மாதிரி நின்றது. அறையிலிருந்த எல்லோரும் அவன் இடது பக்கத்துக்கு வந்து நின்று பார்த்தார்கள். டாக்டர் தேஜஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர், மூச்சு சுத்தமா வருலீங்க."

"வாய மூடுங்க, வாய மூடுங்க," என்றார் டாக்டர் மென்மையாக. "வாய தெறந்தா ரேகை போயிடும்."

மாதேவி அவனைப் பஸ்ஸில் கூட்டிவந்தாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மென்றுகொண்டே மூச்சுவிட முடியாததால் ஒவ்வொரு வாய்க்கும் இடையில் நிறுத்தி, வாயைத் திறந்து, காற்று வாங்கிக்கொண்டு, மறுபடி மென்றான். "ஆரோ வந்து உக்காந்து திங்கற மாதிரி இருக்குதுங்க," என்றாள். சொன்ன பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். முதுகு தேய்க்க மட்டும் அவள் கை பழையபடி வந்தது.

மஞ்சுநாத் கொடுத்த மூன்று மாதம் முடியும் தறுவாயில் ஏகமுகா சர்ட்டிபிகேட் கொடுத்தது. தடித்த காகிதம், பொன் எழுத்து. 'மேற்படி நபர் பக்கத்தோற்றத்தில் முழுத் தகுதி பெற்றவர்.' மஞ்சுநாத் அதை இரண்டு தடவை படித்தார். சென்னப்பனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். தன்னையறியாமல் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார்.

"பிரமாதமாக இருக்கிறாய், சென்னப்பா. பொறாமையாக இருக்கிறது. ஆனால் வண்டி ஓட்ட லாயக்கு என்று இதில் எங்கே போட்டிருக்கிறது?"

"தூக்கம் இன்னும் அப்படியேதான் வருதுங்க, சார்," என்று சென்னப்பன் உண்மையைச் சொன்னான். மஞ்சுநாத் நல்ல மனிதர் என்பதால் அவனை உடனே அனுப்பவில்லை. மாதக் கடைசியில் அனுப்பினார். அதன் பிறகு அவன் பண்டிபாளையா மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனான். நாலு மூட்டைக்கு ஒரு தடவை வாயைப் பிளந்துகொண்டு சுவரோரம் உட்கார வேண்டியிருந்தது. இவ்வளவு லட்சணமான ஆள் சோம்பேறியாக இருக்கிறானே என்று மண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஏகமுகாவின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் ஆழ்வார்தான் பொறுப்பு. புகாரை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. இந்தக் குறை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தா தெரியறது?"

"பாத்தா தெரியாதுங்க. மூச்சு வருலீங்க."

ஆழ்வார் இரண்டு படங்களை மேஜையில் வைத்தார். முன்பு, பின்பு. "இதுலே முன்னாடி மூச்சு எங்கே இருக்கு, காட்டுங்கோ. பின்னாடி எங்கே காணோம், காட்டுங்கோ. வித்தியாசத்தைக் குறிச்சுக்கறேன்." சென்னப்பன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆழ்வார் கால்மணி நேரம் காத்திருந்து, 'நபரால் குறையைச் சுட்டிக்காட்ட இயலவில்லை' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கடைசியில் அவன் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனான். மூக்குக் காது தொண்டைப் பிரிவில் அரை நாள் வரிசையில் நின்றான். அங்கிருந்த வயதான டாக்டர் முதலில் மூக்குக்குள்ளே பார்த்தார். சென்னப்பனுக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது.

"ஆரம்பத்திலேயே வந்திருந்தா அரை மணி நேர வேலைப்பா. இப்போ உள்ளே என்ன முட்டு கொடுத்திருக்காங்க, எங்கே தையல் போட்டிருக்காங்கன்னு தெரியாம கைய வெச்சா மொத்தமா உக்காந்துடும். அவங்க ஆபரேஷன் குறிப்ப வாங்கிட்டு வா. நான் செய்யறேன்."

அவன் ஏகமுகாவுக்கு ஓடினான். ஆழ்வார் பதினான்கு பக்கக் காகிதத்தை எடுத்து பதினொன்றாம் பக்கத்தைக் காட்டினார். "அஞ்சு வருஷம் வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து படம் எடுத்துக்கறேன்னும், அதுவரைக்கும் வேறே யாரும் தொடமாட்டான்னும் கையெழுத்துப் போட்டிருக்கேளே. உங்க முகம் இப்போ ஆராய்ச்சித் தொடர். நடுவிலே ஒருத்தர் கைவெச்சா தொடர் கெட்டுடும். அஞ்சு வருஷம் கழிச்சு வாங்கோ, குறிப்பைத் தாராளமா தரோம்."

"அதுவரைக்கும் மூச்சுக்கு என்ன பண்றதுங்க?"

ஆழ்வார் உண்மையிலேயே யோசித்தார். மோவாயைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "வாய் இருக்கே," என்றார்.

ஆறு மாதம் கழித்து முதல் படத்துக்காகச் சென்னப்பன் ஏகமுகாவுக்குப் போனான். போகாமல் இருக்கலாம், ஆனால் ஒரு தடவை தவறினால் ஐந்து வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.

காத்திருப்புக் கூடத்தில் அவனுக்கு அடுத்த நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். நல்ல உடம்பு. வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் சென்னப்பனுக்குத் தெரிந்த சத்தம்.

"நமக்குக் கௌதள்ளிங்க. நீங்க எந்த ஊருங்க?"

"ஹனூருங்க. மல்லப்பன்னு பேரு. டிராக்டர் மெக்கானிக்கு," என்றான் அவன். "மூக்குக்குள்ள சதை வளந்திருக்குதுங்க. இங்க வந்தா மூக்கு தாடை எல்லாம் சேத்து இலவசமாச் செய்யறாங்களாமா. அதோட இதும் போயிரும்னாங்க."

சென்னப்பன் கவுண்டர் பக்கம் பார்த்தான். மனிஷா போனில் இருந்தாள். அவன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து மெதுவாகச் சொன்னான். "வேண்டாமுங்க. இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க. பெரியாஸ்பத்திரில வயசான டாக்டர் ஒருத்தர் இருக்கறாரு. அவருகிட்டப் போங்க. இங்க உள்ள பாக்கமாட்டாங்க. எனக்கு..." அதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. வாயைத் திறந்து காற்று வாங்கினான்.

மல்லப்பன் அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு டி.வி.யைப் பார்த்தான். அங்கே வீணை இசையோடு முன்பு, பின்பு என்று ஒரு முகம் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. மறுபடி சென்னப்பனின் முகத்தைப் பார்த்தான்; மூக்கை, தாடையை, இறுகிய கழுத்தை.

"நீங்கதானுங்களே அது?"

"நாந்தானுங்க. ஆனா..."

"உங்களுக்கு ஓசில இப்படிச் செஞ்சுக்கிட்டீங்க. எங்களுக்குன்னு வந்தா எந்திரிச்சுப் போங்கறீங்க." மல்லப்பன் கோபமாகச் சொல்லவில்லை. உலகம் இப்படித்தான் என்று தெரிந்தவன் மாதிரி சொன்னான். "நம்மூர்க்காரரா இருந்துட்டு."

உள்ளேயிருந்து மல்லப்பன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனான். சென்னப்பனும் எழுந்தான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்கான காற்றை வாயால் சேர்த்துக்கொண்டு அவன் நாலு எட்டு வைப்பதற்குள் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

மனிஷா போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "தேங்க்ஸ்ணா. அவர் காலைலருந்து யோசிச்சிட்டே இருந்தார். உங்களப் பாத்தப்புறம்தான் தைரியம் வந்துச்சு, அல்வா?" என்றாள். பிறகு, போட்டோ அறை காலியாகிவிட்டது என்று கை காட்டினாள்.

சென்னப்பன் போட்டோ அறைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் பக்கவாட்டாக வரைந்திருந்த இரண்டு பாத அடையாளங்களின் மேல் நின்றான்.